பாய்லர் ரூம் ரெக்கார்டு

ஆமாம்மா, அவனோட அக்காதான் நான். கூடப் பிறந்த அக்கா. மூக்கப் பாரு, சந்தேகமே வேணாம். ரெக்கார்டு அட்டையில முடியால முகத்த மூடிக்கிட்டு நிக்கறான் இல்ல, மூக்கு மட்டும்தான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அது எங்க குடும்பச் சொத்து. வேற சொத்துன்னு ஒண்ணும் கிடையாது.

சும்மா நிக்காத, இந்த பெட்ஷீட்டோட அந்த முனையக் கொஞ்சம் பிடி. ஒத்த ஆளா மடிச்சா தரையில புரளும். கூட மடிக்கற பொண்ணு இன்னைக்கு வரல. ம், அப்படித்தான். நல்லா இழு. இப்ப என்கிட்ட வந்து முனையக் குடு. அவ்வளவுதான் வேலை. ஒரு தடவையில கத்துக்கிட்ட பாரு, எங்க ஓனர் பார்த்தா உன்னைய இங்கேயே பிடிச்சு வெச்சுக்குவாரு.

எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. இந்த லாண்டரிக்கு அன்னைக்கும் சரி இன்னைக்கும் சரி, அதுதான் பொழப்பு. கறை போயிரும், மருந்து வாடை மட்டும் லேசுல போகாது. உனக்கு அடிக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல.

அந்த ரெக்கார்டு பதிஞ்ச டேப்பா? டேப்பு எங்க போகப்போகுது, அப்புறம் பேசலாம். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்க, ரெண்டு வார்த்தை பேசாம அனுப்பிட்டா நல்லாவா இருக்கும்? வர்றவங்க எல்லாரும் பசங்களாத்தான் வருவாங்க. முடி வளர்த்துக்கிட்டு, கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. பொண்ணுன்னு வந்தது நீதான் முதல். அதுலயும் நீயும் அவனுங்க மாதிரியே தொண்டையக் கிழிச்சுப் பாடுவேங்கற. இவ்வளவு சின்னத் தொண்டையில இருந்தா? ஐயோ, இங்க பாடிக் காட்டாத தாயே. இஸ்திரி போடறவங்க கையச் சுட்டுக்குவாங்க.

அது சரி, உன் சட்டையில எழுதியிருக்கறது என்னன்னு உனக்குப் படிக்கத் தெரியுமா? உண்மையச் சொல்லு. வேர் பிடுங்கிப் போட்ட மாதிரிதானே இருக்கு? எனக்குத் தெரியும். ஏன்னா அது எழுதறப்ப நான் பக்கத்துல நின்னேன். எந்தத் துணி எந்த வார்டுன்னு அடையாளம் போடறதுக்கு ஒரு மை வெச்சிருப்போம். கொட்டினா கை எல்லாம் கறுத்துப் போகும், ஒரு வாரத்துக்குப் போகாது. தம்பி அந்த மையை எடுத்துட்டு வந்து, கிழிஞ்சு கழிச்சுப் போட்ட பெட்ஷீட்டுல அவங்க பாட்டுக் கோஷ்டிப் பேர எழுதினான். துணி சரியாக் காயல. எழுத எழுத மை ஓடுது. ஒவ்வொரு எழுத்துலயும் காலு முளைக்குது, கை முளைக்குது. நான் சிரிச்சேன். ஏன்டா, எழுதவே தெரியாதவன் எழுதின மாதிரி இருக்கேடான்னேன். அவன் சிரிக்கல. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, அக்கா இதுதான் அக்கான்னான். இப்ப எல்லாக் கோஷ்டியும் அப்படித்தான் எழுதறாங்களாமே, யாருக்கும் படிக்க வரக் கூடாதுன்னு. ஈரத்துணி பண்ணின வேலை அது.

ஆவின்னு பேரு வெச்சானுங்க. பேய், பிசாசு, சைத்தான்னு நீங்க எல்லாம் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. பாய்லர் ரூம் கதவுல சிவப்பா எழுதியிருக்கும், ஆவி ஜாக்கிரதைன்னு. தண்ணி கொதிச்சு வர்ற ஆவி. கையப் பொசுக்கிரும். அதைப் பார்த்துதான் வெச்சானுங்க. ஏமாந்துட்டியா? பரவால்ல, சட்டையக் கழட்டிராத.

அந்த ரூமத்தானே பார்க்கணும்னு வந்த? பின்னால இருக்கு, மடிச்சு முடிச்சதும் காட்டறேன். இப்ப சோப்பு மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்க. பார்க்க ஒண்ணும் இருக்காது, முதல்லயே சொல்லிடறேன். மொதல்ல வீட்டுலதான் வாசிச்சானுங்க. மேல்மாடியில இருந்த வீட்டு ஓனர் இறங்கி வந்து, ஏம்மா, உள்ள ஏதாவது மாட்டு வைத்தியம் நடக்குதான்னு கேட்டாரு. கேட்டது மட்டும் இல்ல, வீட்டக் காலி பண்ணுங்கன்னுட்டாரு. அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவனை நான்தான் வளர்த்தேன். என் கூடவே இங்க துணி வண்டி தள்ளிக்கிட்டு இருந்தான். அதனால பழைய ஓனர்கிட்ட நானே போய்க் கேட்டேன். அவருக்குக் காது மந்தம். பசங்க பாட்டு பழகணும்யான்னேன். அவரு என்னமோ பக்திப் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டு, நல்ல பழக்கம்தானேன்னு தலையாட்டிட்டாரு. பகல்ல மெஷின் ஓடற நேரத்துலதான் வாசிப்பாங்க. பாய்லர் இரையுது, டிரையர் சுத்துது, அதுக்குள்ள இவனுங்க போடற சத்தம் வெளிய யாருக்கும் தெரியாது. இவனுங்களுக்கே தெரியாது. அதான் விஷயமே. ஒருத்தன் வாசிக்கறது இன்னொருத்தனுக்குக் கேட்கணும்னு சத்தத்தக் கூட்டிக்கூட்டி, அப்படி ஆகிப்போச்சு.

டிரம் அடிச்சவன் மொட்டை. எல்லாரும் முடி வளர்த்தா அவன் மட்டும் மழிச்சுட்டு வருவான். துணி பிழியிற மெஷின்தான் அவனுக்கு வேலை. ஈரத்துணியக் கொட்டி மூடினா மெதுவாத்தான் கிளம்பும். உள்ள துணி ஒரு பக்கமா ஒதுங்கிருச்சுன்னு வெச்சுக்க, மெஷினே தரையோட சேர்ந்து தடதடதடன்னு குதிக்கும். அந்த வேகத்துக்கு நான் அடிக்கறேன் பாருன்னு பந்தயம் கட்டினான். மனுஷன் அடிக்கிற வேகமா அது? கை கொப்பளிச்சு, கொப்பளம் உடைஞ்சு, ஆனாலும் விடல. பிடிவாதம். இப்ப அந்த அடிக்கு ஏதோ பேர் வெச்சு பாட்டு ஸ்கூல்ல சொல்லித் தராங்கன்னு ஒரு பையன் சொன்னான். பிளாஸ்ட் பீட்டா? ஏதோ ஒண்ணு. எங்களுக்கு அது பழுதான மெஷினு.

தம்பியோட கிடார் சத்தத்த எல்லாரும் அப்படி இப்படின்னு சொல்றீங்களே, அந்த ஸ்பீக்கர் ஆவி பட்டுப்பட்டு ஊறிப்போச்சும்மா. உள்ள இருக்கற காகிதம் நைஞ்சு கிழிஞ்சிருச்சு. நான்தான் இஸ்திரி மேசைத் துணிய வெட்டிப் பசை போட்டு ஒட்டிக் குடுத்தேன். அதுக்கப்புறம் வாசிச்சா துணிய நாராக் கிழிக்கற மாதிரி கேக்கும். வேற வாங்கிக்கடான்னா, வாங்க வழி இல்ல. அந்த மாதிரி சத்தம் வர்றதுக்குன்னே இன்னைக்குக் கடையில பொட்டி விக்குதாமே. காசு குடுத்து ஓட்டை ஸ்பீக்கர் வாங்கற காலம்.

பாடினது பூனைன்னு ஒருத்தன். நல்ல பேரு எங்களுக்கு மறந்தே போச்சு. அவ்வளவு மெல்லிசாப் பேசுவான், அக்கா தண்ணின்னு கேட்டா ரெண்டு தடவ என்னப்பான்னு கேக்கணும். அவனப் போயி பாடகனா வெச்சானுங்க. மெஷினுக்கு மேல கேக்கணும்னு கத்தினான், கத்தினான், ஒரு நாள் தொண்டை உடைஞ்சு அடியில இருந்து வேற எவனோ பேசற மாதிரி ஒரு குரல் வந்துச்சு. எல்லாரும் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டோம். அவன்தான் முதல்ல சிரிச்சான். நல்ல பையன்தான். ஆனா தொண்டை எத்தனை நாளைக்குத் தாங்கும்? ரத்தம் வர ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டாரு. ரெக்கார்டு முடியறதுக்கு முன்னாலயே அவங்க அப்பா வந்து கையோட கூட்டிட்டுப் போயிட்டாரு.

ஆமா, முடியறதுக்கு முன்னாலதான். கடைசிப் பாட்டு அப்ப பாக்கி. நீ சரியாத்தான் கேட்ட. இரு, வர்றேன்.

ஒரு வாத்தியார்கிட்ட டேப் மெஷின் இரவல் வாங்கி, பாய்லர் ரூம்ல மேல போற குழாயில ஒரே ஒரு மைக்கக் கட்டித் தொங்கவிட்டு, அப்படியே பதிஞ்சாங்க. எங்கயோ கொண்டுபோய் கொஞ்சம் ரெக்கார்டு போட்டானுங்க. உள்ளூர்ல ஒருத்தன் வாங்கல. ஒரு கடைக்காரர், போட்டுப் பார்த்துட்டு, தம்பி ஊசி உடைஞ்சிருச்சோன்னு பயந்துட்டேம்பான்னு திருப்பிக் குடுத்துட்டாரு. கட்டில் அடியில அடுக்கி வெச்சிருந்தான். அப்புறம் எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்களுக்குத் தபால்ல அனுப்ப ஆரம்பிச்சான். அவங்க கேசட்டுல பதிஞ்சு இன்னொருத்தருக்கு, அவங்க இன்னொருத்தருக்குன்னு போயிருக்கு. ஒரு தடவ, ஆறு மாசம் பனி கொட்டற ஊர்ல இருந்து ஒரு பையன் போட்டோ அனுப்பினான். நாலு பசங்க, நம்ம ரெக்கார்டக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முகத்துல சாம்பலப் பூசிக்கிட்டு நிக்கறாங்க. தம்பி அதைப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் காட்டினான். நானும் பார்த்தேன். பெத்தவங்க எப்படி வெளிய விட்டாங்கன்னுதான் தோணுச்சு.

அவ்வளவுதான் அவன் பார்த்த பெருமை. அதுக்கப்புறம் கோஷ்டியே இல்ல. கிடார வித்துட்டான். லாண்டரி வேன் ஓட்டினான், குடிச்சான். ஏன்டா வாசிக்கறதில்லன்னு கேட்டா எழுந்து வெளிய போயிருவான். என் முகத்தப் பார்த்துப் பேசறதே குறைஞ்சு போச்சு. நான் என்ன நினைச்சேன்னா, தோத்துட்டோம்னு வெட்கப்படறான் போல, காலம் ஆத்திரும்னு விட்டுட்டேன். காலம் ஆத்தல, ஈரல்தான் போச்சு. சின்ன வயசு. உன்னைய விடக் கொஞ்சம்தான் பெரியவனா இருந்திருப்பான்.

மொட்டைய ஒரு விடுதியில விட்டிருக்காங்க. சுத்தமாக் காது கேக்காது. நான் போனா விரலால கட்டில் கம்பியில தட்டிக்கிட்டு இருப்பான். என்னத்த தட்டறான்னு அவனுக்கே தெரியுதோ என்னவோ. பூனை வெளிநாட்டுல நல்லா இருக்கான், இருக்கட்டும். இங்க வேலை பார்க்கற பொண்ணு போன்ல காட்டினா. வெள்ளத் தாடியோட சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, அந்தக் கடைசிப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றான். உடம்புக்குள்ள ஏதோ புகுந்துச்சு, என்ன பாடினேன்னே எனக்கு நினைவில்லங்கறான். நினைவிருக்காதுதான். அவன் இருந்தாத்தானே.

நீ கேட்டியே, அந்தப் பாட்டுல என்ன வார்த்தை வருதுன்னு. உலகம் பூரா சண்டையாமே. செத்த பாஷைன்னு ஒருத்தன், பிசாசைக் கூப்பிடற பேருன்னு ஒருத்தன், தலைகீழா ஓட்டினா தெரியும்னு ஒருத்தன். நீ அதைப் போட்டுப் போட்டுத்தான் பாடவே கத்துக்கிட்டேன்னு சொன்ன. ஹாஸ்டல் ரூம்ல தலையணைய வாயில வெச்சுக்கிட்டு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இப்ப புது மெஷின் வந்திருக்கு, டேப்பு கிடைச்சா பாய்லர் சத்தத்த எல்லாம் தனியா உரிச்சு எடுத்துட்டு, குரல மட்டும் கண்ணாடி மாதிரிக் கேக்க வெச்சிருவேங்கற.

எனக்கு அந்தப் பாட்டத் தம்பி போட்டுக் காட்டினதே இல்ல தெரியுமா. மத்தது எல்லாம் கேட்டிருக்கேன். கடைசிக்கு முந்தின பாட்டு முடிஞ்சதும் ஊசியத் தூக்கிருவான். அது சரியா வரல அக்கா, விடுன்னுடுவான். அவன் செத்தன்னைக்குத்தான் கேட்டேன். எப்படித்தான் சேதி போச்சோ, எங்கிருந்தெல்லாமோ பசங்க வந்து இறங்கிட்டாங்க. கறுப்புச் சட்டை, பாவம் வரிசையா நின்னாங்க. தூக்கறதுக்கு முன்னால ஒரு மரியாதைம்மான்னு என்கிட்ட கேட்டுட்டு, பெரிய ஸ்பீக்கர் வெச்சு அந்தக் கடைசிப் பாட்டப் போட்டாங்க. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. முதல்ல பாய்லர் மட்டும் இரையும் இல்ல, அது கேட்டதும், அட நம்ம பாய்லருன்னு லேசா சிரிப்புகூட வந்துச்சு. அப்புறம் அந்தக் குரல் வந்துச்சு.

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அக்காகாரி தம்பிக்காக அழறான்னு நாலு பேரு வந்து தாங்கிப் பிடிச்சாங்க. தம்பி முகத்தப் பார்த்தேன். ஏன்டா இப்படிப் பண்ணினன்னு இனிமே யாரைக் கேக்கறது?

அது நான்தாம்மா.

இல்ல, பாடல. எனக்கு என்ன பாடத் தெரியும். உட்காரு, கையில இருக்கறத அப்படி வெச்சுட்டு உட்காரு. ஒரு பொண்ணு இருந்தா எனக்கு. அப்பதான் பேச ஆரம்பிச்சிருந்தா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம், மூளைக்கு ஏறிருச்சுன்னாங்க. திரும்பி வரல. அவ அப்பா லாரியில தூரமாப் போயிருந்தாரு, வந்து பார்த்துட்டு மறுபடி லாரி ஏறினவருதான். நான் வீட்டுல தனியா உட்கார முடியாம வேலைக்கு வந்துட்டேன். வழக்கம்போல ஆஸ்பத்திரி மூட்டை வந்துச்சு. பிரிச்சு உதறிக்கிட்டு இருக்கேன். உள்ள ஒரு மஞ்சத் துண்டு. சின்னது. வீட்டுலேருந்து நான் அவளுக்குப் போர்த்தக் கொண்டுபோனது. அவசரத்துல படுக்கையிலயே விட்டுட்டு வந்திருக்கோம், அவங்க துணியோட துணியாச் சுருட்டிப் போட்டுட்டாங்க. எல்லாத் துணியும் எங்க வரும்? இங்கதானே வரும். என் கைக்குத்தானே வரும்.

எல்லாரும் பார்க்கறாங்களேன்னு பாய்லர் ரூமுக்குப் போயி, கதவ இழுத்துச் சாத்திக்கிட்டேன். அங்க எவ்வளவு கத்தினாலும் வெளிய கேக்காது, அது எனக்குத் தெரியும். அவளக் கூப்பிட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். எவ்வளவு நேரம்னு தெரியாது. மேல மைக்கு தொங்குதுன்னு நான் பார்க்கல. பாட்டுக்கு முன்னால பாய்லர் இரைச்சல் வேணும்னு தம்பி டேப்ப ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்திருக்கான். வந்து கேட்டிருப்பான். கேட்டுட்டு, பூனையும் இல்லாத நேரத்துல, அதையே கடைசிப் பாட்டா வெச்சுட்டான். அவன்மேல கோபம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல.

அழாதம்மா. உனக்குத் தெரியாதுல்ல, நீ என்ன பண்ணுவ.

நீ தேடி வந்தது டேப்புல இல்ல. வேணும்னேதான் உன்னைய உட்கார வெச்சுப் பேசிட்டேன், மன்னிச்சுக்க. ரெக்கார்டு போட்ட கையோட, அவன் அந்த டேப்பு மேலயே வேற என்னத்தையோ பதிஞ்சுட்டான். அழிக்கணும்னு பதிஞ்சானா, வேற டேப்பு இல்லாம பதிஞ்சானா, எனக்குத் தெரியாது. நான் போட்டுப் பார்த்தேன். யாரோ கிடாருக்குக் கம்பி முறுக்கறாங்க, வேற ஒண்ணும் இல்ல.

அன்னைக்குக் கூப்பிட்டதோட சரி, அந்தப் பேர நான் வாய் திறந்து சொன்னதில்ல. யாரும் என்கிட்ட சொன்னதும் இல்ல. நீங்கதான் எங்கெங்கயோ மேடையில நின்னு கூப்பிடறீங்க. கொஞ்ச நாளா அதுல ஒரு ஆறுதல்கூட இருந்துச்சுன்னு வெச்சுக்கயேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கவா? நீ அந்த இடத்துல என்னன்னு பாடற? கத்த வேணாம். சும்மா, பேசற மாதிரி, மெதுவா ஒரு தடவ சொல்லு.

...

இல்லம்மா. அது இல்ல. கிட்டகூட இல்ல.

பரவால்ல, அந்த இரைச்சல்ல உங்க எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கு.